கீசர் போட்டதும் வீடே இருட்டாகிறதா? எந்த சுவிட்ச் விழுந்தது என்று முதலில் பாருங்க

காலை ஏழரை மணி. ஒன்பது மணிக்கு மீட்டிங். பெங்களூருவில் ஏதோ ஒரு லேஅவுட், மூன்றாவது மாடி, வாடகை வீடு. கீசர் சுவிட்சைப் போடுறீங்க. 'டக்' என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது, வைஃபை போனது, ரூம்மேட் உள்ளேயிருந்து கத்துகிறார். ஓனருக்கு போன் போட்டால் "அதை மறுபடி மேலே தூக்கி விடுங்க, சரியாயிடும்" என்கிறார். தூக்கி விடுறீங்க, மறுபடி விழுகிறது. கடைசியில் பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் ஒருவர் வருகிறார். மீட்டர் எதையும் வெளியே எடுக்காமல், ஐந்தே நிமிடத்தில் ஏதோ செய்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போகிறார். அதற்குப் பிறகு ட்ரிப் ஆவதே இல்லை.

இந்தக் கதையில் பயப்பட வேண்டிய இடம் கடைசி வரிதான். பழுது சரியானதால் ட்ரிப் நின்றதா, அல்லது பழுதைக் காட்டிக்கொடுத்த கருவியைக் கழற்றிவிட்டதால் நின்றதா என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது என்றால், நாளைக் காலை ஈரக்கையோடு குழாயைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

கீசரைத் திறக்காமல், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், வெளியே நின்றபடியே பழுது எங்கே இருக்கிறது என்று ஓரளவு கண்டுபிடிக்க முடியும். கீசரின் மூடியைக் கழற்றுவது உங்க வேலை இல்லை. ஆனால் வருகிறவர் சரியாகத்தான் வேலை செய்கிறாரா, அதற்கான செலவு யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ள இது போதும்.

விழுந்தது எது?

வாசல் பக்கம் அல்லது ஹாலில் ஒரு டிபி பாக்ஸ் இருக்கும். அதில் ஒல்லியாக வரிசையாக நிற்பவை எம்.சி.பி.கள். அவற்றின் மேல் 10, 16, 20 என்று எண் இருக்கும், அது ஆம்பியர் கணக்கு. அவற்றோடு கொஞ்சம் அகலமாக, 'டெஸ்ட்' என்று ஒரு குட்டி பட்டனோடு இருப்பது ஆர்.சி.சி.பி. வீடுகளுக்கானதில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். சிலர் இதைப் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள்.

இரண்டுமே விழும், இரண்டுமே கரண்டை நிறுத்தும். ஆனால் இரண்டும் சொல்லும் செய்தி வேறு. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிறது: அளவுக்கு மீறி கரண்ட் ஓடினாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றுகிறது. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், அந்தக் கரண்ட் வேறு வழியில் தரைக்குப் போகிறது என்று அர்த்தம். கீசரின் இரும்பு உடம்பு வழியாகப் போகலாம், தண்ணீர் வழியாகப் போகலாம், ஆள் வழியாகவும் போகலாம். 30 மில்லி ஆம்பியர் குறைவதற்குள் நொடியின் சிறு பகுதியில் அது விழுந்துவிடும்.

இந்த 30 ஏன் முக்கியம்? சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். அதற்கு மேல் போகப்போக மூச்சும் இதயத் துடிப்பும் பாதிக்கும். ஆனால் உங்க 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ, 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதாவது, ஒரு ஆள் ஷாக் அடித்து விழுந்தாலும் எம்.சி.பி. அசையாது. 'வீட்டில் ட்ரிப்பர் இருக்கு, பயமில்லை' என்று நினைப்பவர்கள் அது எந்த ட்ரிப்பர் என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால்

கீசர் விவகாரத்தில் அதிகம் நடப்பது இதுதான். காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஹீட்டிங் எலிமென்ட், பேச்சுவழக்கில் 'காயில்'. ஒரு உலோகக் குழாய், அதன் நடுவில் நிக்ரோம் கம்பி, இரண்டுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி. இந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. அதனால்தான் தண்ணீருக்குள் கரண்ட் வராமல் சூடு மட்டும் வருகிறது. ஆனால் குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தாலே ஈரம் உள்ளே போகும், பொடி ஊறும், கரண்ட் கசியத் தொடங்கும்.

ஓட்டை ஏன் விழுகிறது? போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஓடும் வீடுகளில் காரணத்தைத் தேட வேண்டாம். உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் காயிலின் மேல் வெள்ளையாகப் படிமம் படியும். படிமம் தடிக்கத் தடிக்க, சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி அதை வெடிக்க வைக்கும். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளத் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் தண்டு இருக்கும். அது கரைந்து தீர்ந்துபோனால் அடுத்து கரைவது தொட்டி. சர்வீஸ் என்பது இந்தப் படிமத்தைச் சுரண்டி, தண்டை மாற்றுவதுதான். வாடகை வீடுகளில் அதைச் செய்பவர்கள் அபூர்வம். ஓனர் மறந்திருப்பார், குடியிருப்பவருக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது சோதனை. கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். கீசர் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்குங்க. ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்குங்க. நின்றால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போல் ஓட விடுங்க. ஒரு நாள் முழுக்க விழவில்லை, கீசரைச் சேர்த்தால் மட்டும் விழுகிறது என்றால் குற்றவாளி கீசர்தான். போட்ட நொடியே விழுந்தால் கசிவு ஏற்கெனவே அதிகம். பத்து நிமிடம் ஓடி, சூடான பிறகு விழுந்தால் காயிலில் விரிசல் ஆரம்பித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எதுவானாலும் திரும்பத் திரும்பத் தூக்கி விட்டுப் பார்க்காதீங்க. ஒரு தடவை போதும், அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.

குழப்பமான ஒன்று உண்டு. கீசர் சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது, ஆனால் அயர்ன் பாக்ஸோ மிக்ஸியோ போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. அயர்ன் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவார்கள், அதிலும் விழும். காரணம் இப்போதும் கீசராக இருக்கலாம். சாதாரண சுவிட்சும் எம்.சி.பி.யும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். காயிலின் நியூட்ரல் பக்கம் கசிவு இருந்தால், வேறு எந்தச் சாதனம் ஓடினாலும் அதன் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாகத் தரைக்குப் போகும். அதனால்தான் சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்வது. ப்ளக் இல்லாமல் நேரடியாக ஒயர் கொடுத்திருந்தால், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் சுவிட்ச் இருக்க வேண்டும்.

வருகிற எலெக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மெக்கர் வைத்துப் பார்த்தீங்களா?" காயிலுக்கும் உடம்புக்கும் இடையே 500 வோல்ட்டில் காப்புத்தடையைச் சோதிக்கும் மீட்டர் அது. நல்ல காயிலில் மெகா ஓம் கணக்கில் காட்டும். சாதாரண மல்டிமீட்டரில் காயிலின் இரு முனைகளை அளந்தால், 2,000 வாட் என்றால் 26 ஓம், 3,000 வாட் என்றால் 18 ஓம் அருகில் வரும். அது சரியாக இருந்தாலும் கசிவு இருக்கலாம், இரண்டும் வேறு வேறு கேள்விகள். 'காயில் நல்லாத்தான் இருக்கு' என்று மல்டிமீட்டரைக் காட்டுபவர் பாதிப் பரிசோதனைதான் செய்திருக்கிறார்.

எம்.சி.பி. விழுகிறது என்றால்

இது ஓரளவு எளிது. 15 லிட்டர், 25 லிட்டர் கீசர்கள் பெரும்பாலும் 2,000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சமையலறையில் வைக்கும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3,000 வாட் வரை போகும், அதாவது 13 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைத் தாங்க வேண்டும். போட்ட நொடியே 'டக்' என்றால் ஷார்ட். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தால், அதே லைனில் வேறு ஏதோ ஓடுகிறது, அல்லது எம்.சி.பி.யின் திருகு லூசாகி அந்த இடமே சூடாகிறது. எம்.சி.பி.யும் சூட்டை உணர்ந்து விழும் கருவிதான்.

இங்கேதான் அந்த ஐந்து நிமிட வேலை நடக்கும். 16-ஐக் கழற்றிவிட்டு 32 போட்டுவிடுவார்கள். ட்ரிப் நிற்கும். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே பழைய ஒயர். இனி விழ வேண்டிய நேரத்தில் எம்.சி.பி. விழாது, ஒயர் எரியும். கீசர் லைனுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும், பொறுப்பானவர்கள் 4 போடுவார்கள். எம்.சி.பி.யைப் பெரிதாக்கச் சொல்பவரிடம் 'ஒயர் எத்தனை எம்.எம்.?' என்று கேளுங்க. பதில் வரவில்லை என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

எதுவுமே விழாமல் வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. ப்ளக்கைப் பிடுங்கி அதன் பின்களையும் சாக்கெட்டையும் பாருங்க. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால், பிளாஸ்டிக் உருகிய வாசனை வந்தால், அங்கே லூஸ் கான்டாக்ட். அதைக் கண்டுபிடிக்க எந்த ட்ரிப்பரும் கிடையாது. ப்ளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றணும். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுக்கும். கீசரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது, 16 ஆம்பியர் ப்ளக்கைக் கன்வெர்ட்டர் வைத்துச் சின்ன சாக்கெட்டில் நுழைப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எர்த் நிஜமா, நடிப்பா?

மூன்று பின் ப்ளக்கில் மேலே இருக்கும் தடித்த, நீண்ட பின் எர்த். கீசரின் உலோக உடம்பில் கரண்ட் கசிந்தால் அதைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய கட்டடங்களில் எர்த் ஒயரே இல்லாமல், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால், கீசரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும்.

இந்த நியூட்ரல் இணைப்பு இருக்கும் வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டால் அது விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரல் கரண்ட் பங்கு பிரிந்து போவதால் அது விழுவதுதான் சரி. உடனே 'இந்த வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. ஒத்துவரலை' என்று தீர்ப்பு சொல்லி, அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடுவார்கள். ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறு. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த வேலை இப்படித்தான் முடிந்திருக்கும் என்று நான் சந்தேகப்படுவேன்.

கண்டுபிடிக்க வழி உண்டு. வீட்டில் விளக்குகள் எரியும்போது ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்க. உடனே விழணும். விழாவிட்டால் அது செத்துவிட்டது, அல்லது இணைப்பைக் கலைத்திருக்கிறார்கள். விழுந்த பிறகும் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்தால், கீசர் லைன் அதன் பாதுகாப்பில் இல்லை. சில வீடுகளில் பாதி லைன்களை மட்டும் ஆர்.சி.சி.பி. வழியாகக் கொடுத்திருப்பார்கள். குளியலறை லைன் அந்தப் பாதியில் இருந்தே ஆகணும். கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருக்கும் வேலையை சேவ் செய்துவிட்டு அழுத்துங்க, திட்டாதீங்க.

எர்த்தை எலெக்ட்ரீஷியன்தான் அளக்கணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அளவே கிட்டத்தட்ட வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருப்பது சகஜம். பெரிய லோடு ஓடும்போதும் அங்கே அப்பட்டமாகப் பூஜ்யம் காட்டினால், அந்தத் துண்டு ஒயர் உள்ளே இருக்கிறதா என்று சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க.

குழாயைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா?

இதற்குச் சோதனை எதுவும் வேண்டாம். குளிப்பதை நிறுத்துங்க, ஈரம் இல்லாத இடத்தில் வந்து நின்று மெயினை அணைங்க. "லேசாத்தான் அடிக்குது" என்று பழகிப்போன வீடுகள் இருக்கின்றன. வெறும் காலோடு, ஈரத் தரையில், சோப்பு நுரையோடு நிற்கும் உடம்பு கரண்டுக்குக் கொடுக்கும் தடை மிகக் குறைவு. நேற்று லேசாக அடித்தது இன்றும் லேசாக அடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குழாய் பிளாஸ்டிக் என்பதால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். உள்ளே ஓடும் உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும்.

கீசர் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் இருக்கிறது என்றால், மூலம் வாஷிங் மெஷினாக இருக்கலாம், மொட்டை மாடி மோட்டாராக இருக்கலாம், பக்கத்து ஃப்ளாட்டாகவும் இருக்கலாம். அப்போது அது உங்க வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டிய விஷயம்.

யாராவது ஷாக் அடித்து விழுந்து கிடந்தால், ஓடிப்போய்த் தொடாதீங்க. முதலில் மெயினை அணைங்க. பிறகு 112 அல்லது 108.

எதுவும் விழவில்லை, ஆனால் தண்ணீர் சூடாகவில்லை

முதலில் நியாயமான நேரம் கொடுத்தீங்களா என்று பாருங்க. 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 2,000 வாட் கீசருக்குச் சுமார் 21 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் கீசரின் வேகம் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறையும், அதே வேலைக்கு 34 நிமிடம் பிடிக்கும். குளிர்காலக் காலை, எல்லா ஃப்ளாட்டிலும் கீசர் ஓடும் நேரத்தில் இப்படி நடக்கலாம். மதியம் நன்றாகச் சூடாகும் கீசர் காலையில் மட்டும் சோம்பேறியாக இருந்தால் பழுது கீசரில் இல்லை.

விளக்கே எரியவில்லை என்றால் சுவிட்ச், ப்ளக், ஒயர் பக்கம் பார்க்கணும். பெரும்பாலான மாடல்களில் பவருக்கு ஒன்று, ஹீட்டிங்குக்கு ஒன்று என இரண்டு விளக்குகள். பவர் எரிந்து, தண்ணீர் குளிர்ந்திருந்தும் ஹீட்டிங் எரியவில்லை என்றால் தெர்மோஸ்டாட் அல்லது தெர்மல் கட்-அவுட். இரண்டும் எரிந்தும் சூடாகவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம். கட்-அவுட்டை ஒரு பட்டனை அழுத்தி ரீசெட் செய்துவிட முடியும். ஆனால் அது ஏன் விழுந்தது என்று கேட்காமல் அழுத்துவது ஆபத்து. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனாலோ, தொட்டியில் தண்ணீரே இல்லாமல் சுவிட்ச் போட்டாலோதான் அது விழும். புது வீட்டில் முதல் நாள், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச் போடணும். நேர் எதிராக, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தாலோ, குழாயில் ஆவி வந்தாலோ அணைத்துவிட்டு ஒதுங்குங்க. மூடிய தொட்டியில் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம்.

பவர்கட் நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் கீசர் ஓடாது, ஓட வைக்கவும் முயற்சி செய்யாதீங்க. நண்பர்களோடு கேரவன் எடுத்துப் போனாலும் இதே கணக்குதான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2,000 வாட் எடுக்க 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கணும். அதனால் பெரும்பாலும் வெளியே கேம்பில் கேபிள் செருகினால்தான் வெந்நீர். அந்தக் கேபிளில் எர்த் இல்லையென்றால் வண்டியின் உலோக உடம்பு முழுவதும் கீசர் உடம்பு மாதிரிதான்.

கீசர் ரிப்பேர் ஆகும்வரை பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடுபவர்களுக்கு: தண்ணீருக்குள் வைத்த பிறகே சுவிட்ச், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது. இந்த வரிசை மாறி உயிர் போனவர்கள் உண்டு.

காசு யார் கொடுப்பது?

நம்மில் பலருக்கு உண்மையான சண்டை இங்கேதான். மத்திய அரசின் மாதிரி வாடகைச் சட்டம், 2021, ரிப்பேர் பொறுப்புகளைப் பட்டியலாகப் பிரிக்கிறது. கீசர் ரிப்பேர், சர்க்யூட் பிரேக்கர், சுவிட்ச், சாக்கெட் எல்லாம் குடியிருப்பவர் தலையில். வீட்டின் உள், வெளி மின் ஒயரிங் உரிமையாளர் பொறுப்பு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்திலும் இதே மாதிரி பட்டியல் உண்டு. மாதிரிச் சட்டம் எல்லா மாநிலத்திலும் தானாக அமலாகிவிடாது, உங்க ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கணக்கு மாறும். ஆனால் பேச்சுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது: காயில் போனால் நீங்க, எர்த்தே இல்லை என்றால் ஓனர்.

அதனால்தான் கீசரைப் பிடுங்கிவைத்துப் பார்க்கும் அந்தச் சோதனை காசு விஷயத்திலும் உதவும். என்ன பார்த்தீங்க, எது விழுந்தது என்பதைப் போட்டோவோடு ஓனருக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்புங்க, போனில் மட்டும் பேசாதீங்க. எலெக்ட்ரீஷியன் அளந்த எண்களையும் பில்லில் எழுதி வாங்குங்க. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், மாடுலர் கிச்சனைப் பார்க்கும் அதே நேரத்தில் டிபி பாக்ஸையும் திறந்து, ஓனர் முன்னாலேயே அந்த 'டெஸ்ட்' பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்க. விழவில்லை என்றால் அதை மாற்றித் தந்த பிறகு சாவி வாங்கிக்கலாம்.